10 மைக்ரோஃபாரட் ஏன் 4 ஆகிறது? உயர் மின்காப்பு செராமிக்குகள் நடந்துகொள்ளும் விதம்

செராமிக் கெப்பாசிட்டர்கள் சுற்றி வரும் ரீலில் 10 மைக்ரோஃபாரட் என்று ஒட்டியிருக்கிறது. கெப்பாசிட்டன்ஸை, அதாவது மின்னூட்டத்தைத் தேக்கும் திறனை, அளக்கும் எல்சிஆர் மீட்டரில் வைத்தால் 9.8 என்றோ 10.1 என்றோ காட்டுகிறது. அதே கெப்பாசிட்டரை 5 வோல்ட் லைனில் பற்றவைத்து, மின்னழுத்தம் ஏறியிருக்கும் நிலையிலேயே அளந்தால் 4 மைக்ரோஃபாரட். மின்னழுத்தத்தை எடுத்துவிட்டால் மறுபடி 10-க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. பாகம் பழுதில்லை, போலியும் இல்லை. தயாரித்தவர் சொன்ன விவரத்தில் பொய்யும் இல்லை.

இது ஒரு குழப்பம். இன்னொன்று செய்திகளில் வருவது. மின்காப்பு மாறிலி 1 லட்சத்தைத் தாண்டும் புதிய செராமிக் கண்டுபிடிப்பு, இனி பேட்டரியே வேண்டாம் என்பது போன்ற தலைப்புகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தலைகாட்டும். கொஞ்ச நாளில் அந்தப் பேச்சே இருக்காது. அந்த 1 லட்சம் எங்கே போனது என்று யாரும் சொல்வதும் இல்லை.

இரண்டையும் ஒரே இடத்திலிருந்து விளக்கலாம். ஒரு செராமிக்கின் மின்காப்பு மாறிலி ஆயிரக்கணக்கில் இருக்கிறது என்றால், அதன் உள்ளே ஏதோ ஒன்று மிகச் சுலபமாக அசையும் நிலையில் இருக்கிறது என்று பொருள். அப்படி அசைவது மின்புலத்துக்கு மட்டும் அசையாது. சூட்டுக்கும், அழுத்தத்துக்கும், காலத்துக்கும், அளக்கும் அதிர்வெண்ணுக்கும் சேர்த்தே அசையும்.

மின்காப்பு மாறிலி: அடிப்படை

இரண்டு உலோகத் தகடுகளை எதிரெதிரே வைத்தால் அதுவே ஒரு மின்தேக்கி, அதாவது கெப்பாசிட்டர். தகடுகளுக்கு நடுவே வெற்றிடம் இருந்தால் குறிப்பிட்ட அளவு மின்னூட்டம் சேரும். அதே இடைவெளியில் கண்ணாடியை வைத்தால், அதே வோல்ட்டுக்குப் பல மடங்கு மின்னூட்டம் சேரும். எத்தனை மடங்கு என்பதுதான் அந்தப் பொருளின் மின்காப்பு மாறிலி. ஒப்புமை விடுதிறன் என்பதும் இதுவே.

ஏன் கூடுகிறது? பொருளுக்குள் இருக்கும் நேர் மின்னூட்டங்கள் ஒரு பக்கமும் எதிர் மின்னூட்டங்கள் மறு பக்கமும் துளி விலகுகின்றன. இதற்கு முனைவாக்கம் என்று பெயர். அந்த விலகல் தகட்டில் உள்ள மின்னூட்டத்தின் விளைவைப் பெருமளவு ஈடுகட்டிவிடுவதால், அதே வோல்ட்டில் தகட்டில் இன்னும் மின்னூட்டம் ஏற முடிகிறது. எவ்வளவு சுலபமாக விலகுகிறதோ அவ்வளவு பெரிய மாறிலி.

காற்றுக்கு 1.0006. கண்ணாடி வகைகளுக்கு 5 முதல் 10. அலுமினா செராமிக்குக்கு 9 அல்லது 10. அறை வெப்பநிலையில் தண்ணீருக்கு ஏறத்தாழ 80. டைட்டானியம் டைஆக்சைடின் ரூட்டைல் வடிவத்துக்கு 100-ஐ ஒட்டி. ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட்டுக்கு 300. அப்புறம் பெரிய தாவல்: பேரியம் டைட்டனேட்டுக்கு, தயாரிக்கும் விதத்தைப் பொறுத்து, 1,000-லிருந்து 5,000-க்கும் மேல்.

இவ்வளவு பெரிய எண் ஏன் வேண்டும்?

ஒரு சிறு கணக்கு. 1 சதுர மில்லிமீட்டர் பரப்பு, 1 மைக்ரான் தடிமன் கொண்ட பேரியம் டைட்டனேட் அடுக்கு ஒன்று. மாறிலி 3,000 என்று வைத்துக்கொள்வோம். அந்த ஓர் அடுக்கு தரும் கெப்பாசிட்டன்ஸ் சுமார் 27 நானோஃபாரட். 10 மைக்ரோஃபாரட் வேண்டுமானால் ஏறத்தாழ 380 அடுக்குகள். நடுநடுவே வரும் உலோக மின்முனைகளுக்கும் 1 மைக்ரான் கொடுத்தால் மொத்த உயரம் 0.8 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. கைபேசிக்குள் மணல் துகள் போல ஒட்டியிருக்கும் பல்லடுக்கு செராமிக் கெப்பாசிட்டர் இப்படித்தான் உருவாகிறது.

இதையே மாறிலி 10 உள்ள அலுமினாவில் செய்தால் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட அடுக்குகள் தேவைப்படும். உயரம் 20 சென்டிமீட்டரைத் தாண்டும். பேரியம் டைட்டனேட்டை விட்டுவிட்டு இன்றைய மின்னணுக் கருவிகளை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

இந்தப் பொருளைத் தேடிப் போக வைத்தது ஒரு பற்றாக்குறை. இரண்டாம் உலகப் போரின்போது ரேடியோ கெப்பாசிட்டர்களுக்கு வேண்டிய மைக்கா கிடைப்பது கடினமானது. டைட்டானியம் டைஆக்சைடுடன் வேறு ஆக்சைடுகளைக் கலந்து மாற்று தேடியவர்கள், அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், ஜப்பான் மூன்று இடங்களிலும் தனித்தனியாக பேரியம் டைட்டனேட்டில் வந்து நின்றார்கள். மாறிலி 1,000-ஐத் தாண்டியது. அதுவரை தெரிந்த எந்தக் கடினமான செராமிக்கும் அந்த உயரத்தை எட்டியதில்லை.

பேரியம் டைட்டனேட்டுக்குள் என்ன நடக்கிறது?

அதன் படிகத்தில் திரும்பத் திரும்ப அடுக்கப்பட்டிருக்கும் அலகுக்கூட்டை ஒரு கனசதுரமாக நினைத்துக்கொள்ளுங்கள். எட்டு மூலைகளிலும் பேரியம், ஆறு முகங்களின் நடுவிலும் ஆக்சிஜன், உள்ளே மையத்தில் ஒரு டைட்டானியம் அயனி. கதை முழுக்க அந்த டைட்டானியத்தைச் சுற்றித்தான்.

அதன் மீது இரண்டு விசைகள் வேலை செய்கின்றன. சுற்றியுள்ள ஆக்சிஜன்கள் நெருங்க விடாமல் தள்ளுவதால், நடுவிலேயே இரு என்கிறது ஒன்று. படிகம் முழுவதும் பரவியிருக்கும் இருமுனைகளின் (ஒரு பக்கம் நேர், மறு பக்கம் எதிர் மின்னூட்டம் கொண்டவை) மின்விசை, மையத்தை விட்டு விலகு என்கிறது. இரண்டும் பெரிய விசைகள், கிட்டத்தட்ட சம பலம். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் மிஞ்சுவது மிகச் சிறியது. டைட்டானியத்தைப் பிடித்து வைத்திருக்கும் ஸ்பிரிங் ரொம்பவே தளர்வானது என்று சொல்லலாம். சிறு மின்புலம் போதும், டைட்டானியம் கணிசமாக நகர்ந்துவிடும்.

இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் மற்ற எல்லாமே இதிலிருந்து வருகிறது. இரண்டு பெரிய எண்களின் வித்தியாசம் சிறியதாக இருந்தால், அந்த எண்களில் எது ஒரு சதவீதம் மாறினாலும் மிச்சம் தலைகீழாகிவிடும். சூடு அதை மாற்றும். கலப்புப் பொருள் மாற்றும். அழுத்தமும் மாற்றும்.

சுமார் 120 டிகிரி செல்சியஸுக்கு மேல் டைட்டானியம் சராசரியாக மையத்தில்தான் இருக்கும். வெப்பநிலை இறங்க இறங்க ஸ்பிரிங் மேலும் தளர்ந்து, மாறிலி ஏறிக்கொண்டே போகும். இந்த ஏற்றத்தைச் சொல்லும் விதிக்கு கியூரி-வைஸ் விதி என்று பெயர்: ஏறத்தாழ 1.5 லட்சம் என்ற எண்ணை, ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையிலிருந்து எத்தனை டிகிரி மேலே இருக்கிறோம் என்பதால் வகுத்தால் மாறிலி கிடைக்கும். 20 டிகிரி மேலே இருந்தால் 7,500. 50 டிகிரி மேலே இருந்தால் 3,000. 30 டிகிரி வித்தியாசத்தில் பாதிக்கும் கீழே போய்விட்டது. பெயரில்தான் மாறிலி.

கியூரி வெப்பநிலையான அந்த 120 டிகிரிக்குக் கீழே வந்ததும் விலக்கும் விசை ஜெயித்துவிடுகிறது. வெளியிலிருந்து மின்புலம் எதுவும் இல்லாமலே டைட்டானியம் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றுகொள்கிறது. கனசதுரம் ஒரு திசையில் ஏறத்தாழ 1 சதவீதம் நீள்கிறது. இப்படித் தானாகவே முனைவாக்கம் கொண்டு, மின்புலத்தால் திசை திருப்பவும் முடிகிற பொருட்களை ஃபெர்ரோ எலக்ட்ரிக் பொருட்கள் என்கிறார்கள். அறை வெப்பநிலையில் பேரியம் டைட்டனேட் இந்த நிலையில்தான் இருக்கிறது. ஆறு திசைகளில் எந்தப் பக்கமும் நீளலாம் என்பதால், ஒரே படிக மணிக்குள் (செராமிக் என்பது இப்படிப்பட்ட நுண்மணிகள் ஒட்டிய திரள்) பல பகுதிகள் பல திசைகளைப் பார்த்து நிற்கும். ஒவ்வொரு பகுதியும் ஒரு டொமைன். இரு டொமைன்களுக்கு நடுவில் உள்ள சுவர் மின்புலத்துக்கு ஏற்ப நகர்வதும் மாறிலியைக் கூட்டுகிறது. மணியின் அளவு 1 மைக்ரானை ஒட்டி இருக்கும்போது அறை வெப்பநிலை மாறிலி உச்சத்தைத் தொடுவதற்கு இந்தச் சுவர்கள் ஒரு முக்கிய காரணம்.

இங்கே ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அறை வெப்பநிலையில் 300 என்று இருந்த அதன் மாறிலி, திரவ ஹீலியம் அளவுக்குக் குளிர்வித்தால், அதாவது 4 கெல்வினில், 20,000-ஐத் தொடுகிறது. ஸ்பிரிங் தளர்ந்துகொண்டே போகிறது, ஆனால் கடைசி வரை அறுவதில்லை. குவாண்டம் நடுக்கம் டைட்டானியத்தை ஒரு பக்கம் ஒதுங்க விடாமல் தடுத்துவிடுகிறது. விளிம்பு வரை போய் விழாமலே நிற்கும் பொருள் அது.

மின்னழுத்தம் ஏறினால் கெப்பாசிட்டன்ஸ் ஏன் குறைகிறது?

முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். காரணத்தைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

1. அடுக்கின் தடிமன் 1 மைக்ரான். அதன் மீது 5 வோல்ட். மின்புலம் ஒரு மீட்டருக்கு 50 லட்சம் வோல்ட் என்ற கணக்கு. வெறும் 5 வோல்ட் என்று தோன்றினாலும் பொருளின் பார்வையில் அது மிகப் பெரிய புலம். டொமைன்களைத் திருப்பப் போதுமான அளவைப் போல பல மடங்கு.

2. அந்தப் புலத்தில் திரும்ப முடிந்த டொமைன்களெல்லாம் ஏற்கெனவே திரும்பியிருக்கும். டைட்டானியமும் போக முடிந்த தூரத்தில் பெரும்பகுதியைக் கடந்திருக்கும்.

3. அளவிடப்படும் கெப்பாசிட்டன்ஸ் என்பது, இருக்கும் வோல்ட்டுக்கு மேல் இன்னும் துளி வோல்ட் கொடுத்தால் இன்னும் எவ்வளவு மின்னூட்டம் ஏறும் என்பது. இழுத்துப் பிடித்த ரப்பர் பட்டையை மேலும் இழுப்பது போல, இங்கே அசைவதற்கு மிச்சமே அதிகம் இல்லை. அதனால் 10 இருந்த இடத்தில் 4.

4. மின்னழுத்தத்தை எடுத்ததும் டொமைன்கள் கலைந்து பழைய நிலைக்குத் திரும்புகின்றன. மீட்டரும் மறுபடி 10 காட்டுகிறது.

இதிலிருந்து நேரடியாகக் கிடைக்கும் பாடம் ஒன்று உண்டு. அதே 10 மைக்ரோஃபாரட்டைச் சிறிய உடலுக்குள் அடைக்க வேண்டுமானால் அடுக்கை மெல்லியதாக்கியாக வேண்டும். மெல்லியதானால் அதே 5 வோல்ட்டுக்குப் புலம் கூடும், இழப்பும் கூடும். 0603 அளவு உடலில் 6.3 வோல்ட் என்று குறித்த 10 மைக்ரோஃபாரட் பாகம் 5 வோல்ட்டில் பாதிக்கும் மேல் இழப்பது சாதாரணம். அதே மதிப்பை 1206 என்ற பெரிய உடலில் எடுத்தால் இழப்பு வெகுவாகக் குறையும். 6.3 வோல்ட்டுக்குப் பதில் 16 வோல்ட் பாகம் வாங்கினால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். எப்போதும் அப்படி இல்லை. உடல் அளவு மாறாமல் வோல்ட் குறியீடு மட்டும் மாறினால், உள்ளே அடுக்கின் தடிமன் பெரிதாக மாறாமலே இருக்கலாம். பார்க்க வேண்டியது உடல் அளவையும், தயாரிப்பாளர் தரும் மின்னழுத்த வளைவையும்.

குறியீடு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

எக்ஸ்7ஆர் என்ற குறியீட்டைப் பார்த்ததும் இது நிலையான பாகம் என்று முடிவு கட்டுவது பொதுவான பிழை. அந்த மூன்று எழுத்துகளின் பொருள் இவ்வளவுதான்: எக்ஸ் என்றால் மைனஸ் 55 டிகிரி முதல், 7 என்றால் 125 டிகிரி வரை, ஆர் என்றால் அந்த வரம்புக்குள் கெப்பாசிட்டன்ஸ் 15 சதவீதத்துக்கு மேல் கூடவோ குறையவோ செய்யாது. இந்தச் சோதனை மின்னழுத்தம் ஏற்றாமல் செய்யப்படுவது. 5 வோல்ட்டில் என்ன ஆகும், ஓராண்டு கழித்து என்ன ஆகும் என்று அந்தக் குறியீட்டில் ஒரு சொல்லும் இல்லை.

எக்ஸ்5ஆர் என்பதில் மேல் வரம்பு 85 டிகிரி. ஒய்5வி என்பதோ மைனஸ் 30-லிருந்து 85 டிகிரி வரை 22 சதவீதம் கூடலாம், 82 சதவீதம் குறையலாம் என்கிறது. 10 வாங்கினால் 1.8 கிடைத்தாலும் அது விதிக்கு உட்பட்டதே. இந்த வகையின் மாறிலிதான் இவற்றுள் மிகப் பெரியது என்பதில் வியப்பில்லை. கியூரி உச்சியை, அதாவது கியூரி வெப்பநிலையை ஒட்டி மாறிலி தொடும் உச்சத்தை, அறை வெப்பநிலைக்குப் பக்கத்தில் இழுத்து வந்து வைத்திருக்கிறார்கள். உச்சியில் நின்றால் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் இறக்கம்தானே.

எக்ஸ்7ஆர் எப்படி அந்த 15 சதவீதத்துக்குள் நிற்கிறது என்பது அழகான பொறியியல். ஒவ்வொரு மணியின் உட்கருவும் கிட்டத்தட்டத் தூய பேரியம் டைட்டனேட். அதன் மேல் கலப்புப் பொருட்கள் ஊறிய ஓர் ஓடு. கருவின் உச்சி ஒரு வெப்பநிலையில், ஓட்டின் உச்சி வேறொரு வெப்பநிலையில். இரண்டும் சேர்ந்து மேட்டைத் தட்டையாக்கிவிடுகின்றன. நூறு இருநூறு நானோமீட்டர் அளவுள்ள மணிகளில், கோடிக்கணக்கில், ஒரே சூளையில் இதைச் சாதிக்கிறார்கள்.

இந்தக் குடும்பத்துக்கு எதிர்முனையில் நிற்பது சி0ஜி. பழைய பெயர் என்பி0. இதில் ஃபெர்ரோ எலக்ட்ரிக் பொருளே கிடையாது. மாறிலி 100-க்குள்தான். பதிலுக்கு, ஒரு டிகிரிக்கு மாற்றம் பத்து லட்சத்தில் 30 பங்குக்கு மேல் போகாது. மின்னழுத்தத்துக்கும் காலத்துக்கும் அநேகமாக அசைவே இல்லை.

காலம், சிக்னலின் அளவு, அதிர்வு

பற்றவைத்த கையோடு ஒரு எக்ஸ்7ஆர் பாகத்தை அளந்து பாருங்கள். ஆறிய பிறகும் குறித்த மதிப்பைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டும். மறுநாள் அளந்தால் குறைந்திருக்கும். ஒரு வாரம் கழித்து இன்னும் கொஞ்சம். இது பழுதில்லை, முதுமை. சால்டரின் சூடு 120 டிகிரியைத் தாண்டும்போது டொமைன்கள் மொத்தமும் அழிகின்றன. ஆறும்போது புதிதாக உருவானவை நாள்பட நாள்பட வசதியான இடம் தேடி இறுகிக்கொள்கின்றன. இறுகிய சுவர் எளிதில் நகராது.

இந்தக் குறைவு நேரத்தின் பத்து மடங்குக் கணக்கில் நடக்கும். 1 மணியிலிருந்து 10 மணி நேரம் ஆவதற்குள் எவ்வளவு சதவீதம் குறைந்ததோ, 1,000 மணியிலிருந்து 10,000 மணி நேரம் ஆவதற்குள்ளும் அவ்வளவே குறையும். ஒவ்வொரு பத்து மடங்குக்கும் எக்ஸ்7ஆர் 2.5 சதவீதம் இழப்பதாக வைத்தால், 1 மணியிலிருந்து 10,000 மணி நேரத்துக்குள், அதாவது ஓராண்டுக்குச் சற்று மேல், சுமார் 10 சதவீதம் போயிருக்கும். 150 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து எடுத்தால் கடிகாரம் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

அளக்கும் சிக்னலின் அளவும் முக்கியம். 10 மைக்ரோஃபாரட் வரையிலான பாகங்களை வழக்கமாக 1 கிலோஹெர்ட்ஸில், 1 வோல்ட் மாறுதிசை மின்னழுத்தத்தில் அளக்கிறார்கள். சர்க்யூட்டில் பாகத்தின் மீது வரும் ஏற்ற இறக்கமோ சில பத்து மில்லிவோல்ட்தான். அவ்வளவு சிறிய தள்ளுதலுக்கு டொமைன் சுவர்கள் இருந்த இடத்தை விட்டு நகர மறுக்கும். ஆகவே அங்கே கிடைப்பது இன்னும் குறைவு. மின்னழுத்தம், வெப்பநிலை, முதுமை, சிறிய சிக்னல் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாகச் சேரும் என்பதைப் பல வடிவமைப்புகளில் மறந்துவிடுகிறார்கள்.

அப்புறம் சத்தம். டைட்டானியம் நகர்ந்தால் அலகுக்கூடு நீள்கிறது என்று பார்த்தோம். நூற்றுக்கணக்கான அடுக்குகள் ஒன்றாக நீண்டு சுருங்கினாலும் மொத்த அசைவு நானோமீட்டர் கணக்குதான். ஆனால் பாகம் சர்க்யூட் போர்டோடு ஒட்டியிருப்பதால் போர்டே ஒலிபெருக்கியின் சவ்வு போல அதிர்கிறது. மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கம் காதுக்குக் கேட்கும் அதிர்வெண்ணில் இருந்தால், அமைதியான அறையில் மடிக்கணினியிலிருந்து மெல்லிய ரீங்காரம் கேட்கும். தலைகீழாகவும் நடக்கும்: மின்னழுத்தம் ஏறிய நிலையில் போர்டைத் தட்டினால் கெப்பாசிட்டரில் சிறு மின்துடிப்பு எழும். நுண்ணிய ஒலிச் சிக்னலைக் கையாளும் பெருக்கிகளில் இது பெரிய தொல்லை.

சர்க்யூட்டில் இதன் விளைவுகள்

1. மின்னழுத்த ரெகுலேட்டர்களுக்கு வெளியீட்டில் குறைந்தபட்சம் இவ்வளவு கெப்பாசிட்டன்ஸ் வேண்டும் என்று விதி இருக்கும். ரீலில் உள்ள எண்ணை வைத்து அதைச் சரிபார்த்தால் போதாது. 5 வோல்ட்டில் மிஞ்சுவதை வைத்துப் பார்க்க வேண்டும். மிச்சம் வரம்புக்குக் கீழே போனால் ரெகுலேட்டர் ஊசலாடத் தொடங்கலாம்.

2. ஒலி வடிகட்டியிலோ நேரம் கணிக்கும் சர்க்யூட்டிலோ எக்ஸ்7ஆர் போடுவது தவறு. சிக்னலின் வோல்ட் ஏறி இறங்கும்போதெல்லாம் கெப்பாசிட்டன்ஸும் கூடவே ஏறி இறங்கும். அது நேரடியாகச் சிதைவாக வெளிவரும். இந்த இடங்களுக்கு சி0ஜி அல்லது பிலிம் கெப்பாசிட்டர்.

3. மின்வழங்கல் லைன்களில் தேக்கி வைக்கும் வேலைக்கு எக்ஸ்5ஆர், எக்ஸ்7ஆர் தாராளமாகப் போதும். இழப்பைக் கணக்கில் எடுத்து ஒன்றுக்கு இரண்டாக இணையாகப் போட்டால் தீர்ந்தது.

1 லட்சம் எங்கிருந்து வந்தது?

இனி செய்திகளில் வரும் பிரமாண்ட எண்களுக்கு வருவோம். 2000-இல் எம். ஏ. சுப்பிரமணியனும் டூபாண்ட் நிறுவனத்தில் அவருடைய குழுவினரும் கால்சியம் காப்பர் டைட்டனேட் என்ற பொருளின் அளவீடுகளை வெளியிட்டார்கள். அறை வெப்பநிலையில் செராமிக்கின் மாறிலி 10,000-ஐ ஒட்டி இருந்தது. வெப்பநிலையை மாற்றினாலும் பரந்த வரம்பில் அது அசையவே இல்லை. பிறகு ஒற்றைப் படிகத்தில் அளந்தபோது 1 லட்சத்தை நெருங்கியது. (பின்னாளில், 2009-இல், யிட்ரியம்-இண்டியம்-மாங்கனீசு நீல நிறமியைக் கண்டறிந்த குழுவின் தலைவரும் இதே சுப்பிரமணியன்தான்.)

பேரியம் டைட்டனேட்டின் கதையை அறிந்தவர்களுக்கு இது புதிராக இருந்தது. இவ்வளவு பெரிய எண், ஆனால் ஃபெர்ரோ எலக்ட்ரிக் மாற்றம் எதுவும் இல்லை. இன்னொரு விசித்திரமும் இருந்தது: 100 கெல்வினுக்குக் கீழே குளிர்வித்தால் மாறிலி திடீரென்று 100-ஐ ஒட்டி விழுந்துவிடும். படிக அமைப்பு துளியும் மாறாது. அளக்கும் அதிர்வெண்ணைக் கூட்டினால் அந்த வீழ்ச்சி இன்னும் உயர்ந்த வெப்பநிலையிலேயே வந்துவிடும்.

விடை 2002 வாக்கில் துலங்கத் தொடங்கியது. செராமிக்கின் மணிகள் காப்பான்கள் அல்ல, ஓரளவு மின்சாரத்தைக் கடத்தும் குறைக்கடத்திகள். மணிகளுக்கு நடுவிலுள்ள எல்லை மட்டும்தான் காப்பான். நாம் மில்லிமீட்டர் தடிமன் கொண்ட காப்பான் என்று நினைத்துக் கணக்குப் போடுகிறோம். உண்மையில் மின்புலம் இருப்பது சில நானோமீட்டர் தடிமனுள்ள எல்லைகளில் மட்டும்.

எடுத்துக்காட்டுக்கு, மணியின் அளவு 10 மைக்ரான், எல்லையின் தடிமன் 10 நானோமீட்டர் என்று வைப்போம். விகிதம் 1,000. பொருளின் சொந்த மாறிலி 100. இரண்டையும் பெருக்கினால் வெளியே தெரிவது 1 லட்சம். எந்த அணுவும் அசாதாரணமாக எதையும் செய்யவில்லை. காப்பானின் உண்மையான தடிமன் நாம் நினைத்ததில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அவ்வளவுதான். குளிர்வித்தால் வீழ்ச்சி ஏன் என்பதும் இப்போது புரியும். குளிரில் மணிகளின் மின்தடை ஏறுகிறது. எல்லைகளுக்கு மின்னூட்டத்தைக் கொண்டுசேர்க்க நேரம் பிடிக்கிறது. அளக்கும் சிக்னல் அதற்குள் திசை மாறிவிடுவதால் மணிகளும் காப்பான் போலவே நடந்துகொள்கின்றன. மிஞ்சுவது பொருளின் சொந்த மாறிலியான 100. மணி எல்லைகள் இல்லாத ஒற்றைப் படிகத்திலும் மின்முனை தொடும் மேற்பரப்பே இதே போன்ற மெல்லிய காப்பு அடுக்காக மாற முடியும்.

இந்த அமைப்பில் கெப்பாசிட்டர் செய்ய முடியாதா? முடியும். மணி எல்லைகளைப் பயன்படுத்தும் கெப்பாசிட்டர்கள் ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட்டில் இதற்கு முன்பே உண்டு. ஆனால் விலை ஒன்று கொடுக்க வேண்டும். மேலே சொன்ன செராமிக்கில் 1 மில்லிமீட்டர் தடிமனுக்கு 100 மணிகள். 100 வோல்ட் கொடுத்தால் ஒவ்வோர் எல்லைக்கும் 1 வோல்ட். 10 நானோமீட்டரில் 1 வோல்ட் என்றால் மீட்டருக்கு 10 கோடி வோல்ட். அந்த நிலையில் எல்லைகள் கசியத் தொடங்கிவிடும். மின்காப்பு முறிவு பக்கத்தில் வந்துவிடும். கசிவினால் மின்னிழப்பும், அதாவது வெப்பமாக வீணாகும் ஆற்றலும், அதிகம். 2013-இல் இண்டியமும் நியோபியமும் கலந்த டைட்டானியம் டைஆக்சைடில் குறைந்த மின்னிழப்போடு 10,000-க்கு மேல் மாறிலி கிடைத்ததாக வந்த ஆய்வு பெரிய எதிர்பார்ப்பை எழுப்பியது. அதிலும் பொருளின் சொந்தக் குணம் எவ்வளவு, மெல்லிய காப்பு அடுக்கின் பங்கு எவ்வளவு என்ற விவாதம் உடனே தொடங்கிவிட்டது.

ஆகவே இப்படி ஒரு செய்தியைப் படித்தால் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும்.

1. எந்த அதிர்வெண்ணில் அளந்தார்கள்? 1 கிலோஹெர்ட்ஸில் 1 லட்சம் காட்டுவது 10 மெகாஹெர்ட்ஸில் 100 காட்டலாம்.

2. மின்னிழப்பு எவ்வளவு?

3. தடிமனையும் மின்முனை உலோகத்தையும் மாற்றினால் எண் மாறுகிறதா? மாறினால் அது பொருளின் மாறிலி அல்ல.

4. எத்தனை வோல்ட் வரை தாங்கும், அந்த வோல்ட்டில் மாறிலி எவ்வளவு மிஞ்சும்?

பேட்டரிக்கு மாற்றாகுமா?

நான்காவது கேள்வியைத் தவறவிட்டதால்தான் செராமிக் கெப்பாசிட்டரில் கார் ஓட்டலாம் என்ற கனவு பிறந்தது. கணக்கு காகிதத்தில் கவர்ச்சியானது. தேங்கும் ஆற்றல் மாறிலிக்கும் மின்புலத்தின் இருமடிக்கும் ஏற்ப உயரும். மாறிலி 10,000, மின்புலம் ஒரு மைக்ரானுக்கு 300 வோல்ட் என்று போட்டால் ஒரு கன சென்டிமீட்டரில் 4,000 ஜூல் வருகிறது. லித்தியம் அயனி பேட்டரிகள் தருவது ஏறத்தாழ 1,000 முதல் 2,500 ஜூல். பேட்டரி தோற்றுவிட்டது என்றே தோன்றும்.

ஆனால் 300 வோல்ட் வரைக்கும் மாறிலி 10,000-ஆகவே இருக்கும் என்று அந்தக் கணக்கு நம்புகிறது. பேரியம் டைட்டனேட்டில் டைட்டானியம் முழுமையாக விலகினால் கிடைக்கும் முனைவாக்கம் ஒரு சதுர மீட்டருக்கு கால் கூலும் (கூலும் என்பது மின்னூட்டத்தின் அலகு). மாறிலி 10,000 என்ற வேகத்தில் போனால், ஒரு மைக்ரானுக்கு 3 வோல்ட் வருவதற்குள்ளேயே அந்தக் கால் கூலும் தீர்ந்துவிடும். 300-க்குப் போக இன்னும் 297 வோல்ட் பாக்கி. அதுவரை சேர்ந்த ஆற்றல் ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.35 ஜூல். அதற்கு மேல் மின்புலத்தை ஏற்றினால் ஆற்றல் கூடும்தான், ஆனால் அப்போது வேலை செய்வது 10,000 அல்ல, சில நூறுகளாகச் சுருங்கிய மாறிலி. ரீலில் 10 என்று எழுதியிருந்த கெப்பாசிட்டரை 5 வோல்ட்டில் 4 ஆக்கியது எதுவோ, இங்கேயும் வேலை செய்தது அதுதான்.